ஏழு கிலோமீற்றர் வேகத்தில்

நூறில் ஓடும்போது ஒரு குறையுமில்லை.
அறுபதில் அழுத்தினாலும் சொன்ன சொல் கேட்கும்.
நிற்கப்போகிற கடைசி நொடியில்தான்,
முள் பத்துக்குக் கீழே இறங்கியபின்,
பிறேக் பெடல் என் பாதத்தை உதைக்கும்
டர்ர்ர் என்று,
தகரப் பேணிக்குள் அகப்பட்ட வண்டுபோல.
கார் இன்னும் ஒரு முழம் போய்த்தான் நிற்கும்.

ஒரு முழந்தான்.
நிறுத்தக் கோட்டுக்கும்
மஞ்சள் கடவைக்கும் நடுவில்
இந்த நாட்டில் விட்டிருப்பதும் அவ்வளவுதான்.

பெரிய கராஜில் கணினியைச் செருகினார்கள்.
பிழையெதுவும் பதிவாகவில்லை என்றது அது.
பதிவாகாத பிழைக்கு
நூற்று நாற்பது பிராங் பதிவானது.

தவநேசன் அண்ணை ஃபோனில் சிரித்தார்:
"பியூஸைப் பிடுங்கிவிடு பிள்ளை.
ஏ-நாற்பது காரில் என்ன ஏபிஎஸ்ஸா இருந்தது?"
ஏ-நாற்பது காருக்குப் பனியும் இருக்கவில்லை
என்று நான் சொல்லவில்லை.
பிடுங்கினேன்.
மஞ்சள் விளக்கு எரிந்தது,
பெடல் வாயை மூடிக்கொண்டது.
இரண்டு நாள் நிம்மதி.
மூன்றாம் நாள், லொய்பிரிங்கன் இறக்கத்தில்,
நனைந்து கிடந்த பீச் மரத்து இலைகளில்
நாலு சக்கரமும் இறுகிப்போய்
வண்டி பக்கவாட்டில், சத்தமேயில்லாமல்,
பஸ் தரிப்பிடத்து விளம்பரப் பெண்ணின்
பற்களுக்கு முன்னால் போய் நின்றது.
அவள் சிரித்தபடியே இருந்தாள்.
நான் கை நடுங்க பியூஸைத் தேடினேன்,
சில்லறைக்குள், மிட்டாய்த் தாளுக்குள்.

பிறகு அந்தப் பையன்.
முதியோர் இல்லத்துச் சமையலறையில்
நாற்பத்திரண்டு பேருக்குச் சூப் வைத்துவிட்டு
பீலுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பதினொன்றே முக்கால்.
பாலர் பள்ளி விட்டிருந்தது.
கழுத்தில் செம்மஞ்சள் முக்கோணம் மாட்டி
கடவையில் நின்றான்.
நான் நிறுத்தினேன். டர்ர்ர். ஒரு முழம்.
போ என்று கை காட்டினேன்.
போகவில்லை.
புன்னகைத்தேன். என் முகத்தையே அவன் பார்க்கவில்லை.
குனிந்து என் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இங்கே அப்படித்தான் பழக்குகிறார்கள்:
ஓட்டுகிறவர் சிரிப்பார், கை காட்டுவார், நம்பாதே.
சக்கரம் நின்றுவிட்டதா, அதை மட்டும் பார்.

அது நின்றதை நானும் அவனோடு சேர்ந்து
பார்த்ததுபோல இருந்தது.
அவன் நடந்தான்.
பின்னாலிருந்த பென்ஸ் ஹோர்ன் அடித்தது.

பெக்கிரியின் பட்டறை ரயில் பாலத்துக்குக் கீழே.
கணினியைத் தொடவில்லை அவன்.
காரை உயர்த்தி, டோர்ச்சைப் பல்லில் கடித்து,
வலது முன்சக்கரத்தை ஒரு கையால்
மெல்ல, மெல்லச் சுற்றினான்.
"இங்கே வா" என்றான் அவனுடைய ஜெர்மனில்,
என்னுடைய ஜெர்மனுக்கு அது உடனே விளங்கியது.

அச்சில் ஒரு வளையம். சுற்றிவரப் பற்கள்.
பத்துப் பனிக்காலத்து உப்பு ஊறி
மயிரிழையாய் ஒரு வெடிப்பு.
அந்த இடத்தில் மட்டும்
இரண்டு பற்களுக்கிடையே சற்றுக் கூடுதல் இடைவெளி.
ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடைவெளி வரும்போது
சக்கரம் இறுகிவிட்டது என்று சேதி போகும்.
சக்கரமோ உருண்டுகொண்டிருக்கும்.
சேதியை நம்பி, என்னைக் காப்பாற்றுவதற்காக,
கார் என் பிறேக்கைத் தளர்த்திவிடும்.

எனக்குக் கோபம் வரவில்லை.
எத்தனை பேர் எனக்கு
இப்படி உதவி செய்திருக்கிறார்கள்.

வளையம் முப்பத்தெட்டு பிராங்.
கூலி இருநூற்றுப் பத்து, பாதி அடுத்த மாதம்.
பழையதை எறியவா என்று கேட்டான்.
வாங்கி மணிக்கட்டில் போட்டுப் பார்த்தேன்,
கொஞ்சம் பெரிது, துரு அப்பியது,
பெக்கிரி வாய்விட்டுச் சிரித்தான்.

இப்போது அது கோப்பை வைக்கும் குழியில் கிடக்கிறது.
வளைவுகளில் கிலுங்குகிறது.
நேற்று அதே கடவை, அதே முக்கோணம்.
பெடல் மூச்சுக்கூட விடவில்லை,
கோட்டுக்கு முன்னாலேயே நின்றேன்.
பையன் குனிந்து பார்த்தான்,
முன்பு பார்த்த அளவு நேரமே.